பதினாறில் ஒன்று

பூவலிங்கம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பூவலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குருவின் பெயர் உலகம்மை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இலுப்பைத் தோப்பில் நாலைந்து குடிசைகள் போட்டு, கூட இருந்தவர்களோடு வாழ்ந்துவந்தார். அதிகம் பேச மாட்டார். அவரிடம் கேள்வி கேட்டவர்கள் பதிலோடு திரும்பியதைவிட வேலையோடு திரும்பியதுதான் அதிகம்.

பூவலிங்கம் கோயில் கணக்கராக இருந்தவர். நெல்லும் எண்ணெயும் அவர் கணக்கைத் தாண்டி ஒரு பிடி, ஒரு துளி வெளியே போனதில்லை. மனைவி இறந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார். கணக்கு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கூடவே வந்துவிட்டது. இலுப்பைக் கொட்டை பொறுக்கப் போனால் எண்ணிக்கொண்டே பொறுக்குவார். கண்ணை மூடி உட்கார்ந்தால் மூச்சை எண்ணுவார். உலகம்மை பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஆண்டு மனைவியின் திதிக்காக ஊருக்குப் போனவர் மாலைப் படகில் தோப்புக்குத் திரும்பினார். கால் கழுவினார். சோற்றைத் தொடவில்லை. விளக்கேற்றிக்கொண்டிருந்த உலகம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"கணக்கு சரியாக இருக்கிறது அம்மா. மனம் மட்டும் நடுங்குகிறது. ஏன்?"

"என்ன கணக்கு?"

பூவலிங்கம் சொன்னார்.

அவர் ஊரில் தாண்டவர் என்று ஓர் உப்பு வணிகர். வண்டி வண்டியாக உப்பை மேற்கே கொண்டுபோகிறவர். அவர் இந்த ஆண்டு ஒரு சோழிப் பந்தயம் வைக்கிறார். பந்தயம் கட்டப் பொன்னும் வேண்டாம், பொருளும் வேண்டாம். ஒரு ஜோடி உழவு மாட்டைக் கொண்டுவந்து கட்டினால் போதும். அறுபத்துநாலு பேர். இருவர் இருவராக உட்கார்ந்து ஆளுக்கு ஆறு சோழியை உருட்ட வேண்டும். யாருக்கு அதிகம் மல்லாந்து விழுகிறதோ அவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். மற்றவர் மாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாலு சுற்று முடிந்தால் நாலு பேர் மிஞ்சுவார்கள். அந்த நாலு பேருக்கும் அவரவர் மாடு திரும்பக் கிடைக்கும். கூடவே ஆற்றுப் பாசனத்தில் ஒரு துண்டு நிலம், பட்டயத்தோடு.

பூவலிங்கத்தின் மகன் ஆவுடை அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுகிறவன். பாதி விளைச்சல் நிலத்துக்காரருக்கு. இரண்டு வருஷமாக மழையும் இல்லை. அவனிடம் சொந்தமாக இருப்பது ஒரு ஜோடி மாடு மட்டும்தான். அது போனால் வாரத்துக்குக்கூட யாரும் நிலம் விட மாட்டார்கள். அவன் மனைவி வடிவுக்கு இது ஏழாம் மாதம்.

திதி முடிந்த கையோடு ஆவுடை அப்பாவைத் துறை வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். அங்கே வைத்துத்தான் கேட்டான். எத்தனை நாளைக்கு அடுத்தவன் வரப்பில் நிற்பது, வைத்தால் குடுமி சிரைத்தால் மொட்டை என்று ஒரு தடவை இறங்கிப் பார்க்கட்டுமா, நீங்கள் கணக்குப் போட்டுச் சொன்னால் போகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றான்.

படகு வரத் தாமதமாகும் போலிருந்தது. பூவலிங்கம் மணலில் குந்தி உட்கார்ந்தார். பதினாறு கோடுகள் கிழித்தார். ஒரு கோட்டைச் சுற்றி வட்டம் போட்டார்.

"பதினாறில் ஒருவனுக்குப் பரிசு, அம்மா. அந்த நிலத்தின் மதிப்பு இருபது ஜோடி மாடு. பதினைந்து ஜோடி போகிறது, இருபது ஜோடி வருகிறது. ஐந்து ஜோடி லாபம். எந்தச் சூதாட்டத்திலும் நடத்துகிறவனுக்குத்தான் லாபம் வரும். இது ஆடுகிறவனுக்கு லாபம். நான் மூன்று தரம் சரிபார்த்தேன்."

உலகம்மை திரியைத் தூண்டிவிட்டார்.

"கணக்கு சரிதான்" என்றார்.

பூவலிங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. குரு ஒன்றைச் சரி என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"தாண்டவருக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?" என்று கேட்டார் உலகம்மை.

"உப்பு விற்கிறவர்தானே அம்மா. எண்பது ஜோடி பெறுமானமுள்ள நிலத்தைக் கொடுத்து அறுபது ஜோடியை வாங்குகிறார். கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறார்."

"விதைப்பு நெருங்கிவிட்டது. இப்போது தாண்டவர் உம் மகனிடம் போய் மாட்டை விலைக்குக் கேட்டால் கொடுப்பானா?"

"எந்த விலைக்கும் கொடுக்க மாட்டான்."

"இரட்டை விலை?"

"அடிக்க வருவான். உழவு மாட்டை இந்த நேரத்தில் எவன் விற்பான்?"

"பந்தயத்தில் கட்டுவானா?"

"கட்டுவான்" என்றார் பூவலிங்கம். தாண்டவரின் உப்பு வண்டிகள் மாடில்லாமல் கொட்டகையில் நிற்பதை அவரே பார்த்திருந்தார்.

"உமக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றார் உலகம்மை.

"ஒருவன்தான் அம்மா. உங்களுக்குத் தெரியுமே."

"கணக்கில் எத்தனை பேரை அனுப்பினீர்?"

பூவலிங்கம் மனத்துக்குள் மணலைப் பார்த்தார். பதினாறு கோடுகள். பதினாறு ஆவுடைகள் போகிறார்கள். பதினைந்து பேர் மாட்டை இழக்கிறார்கள், ஒருவன் நிலம் வாங்குகிறான். எல்லாரும் வீட்டுக்கு வந்து பங்குபோட்டுக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்சம் லாபம். அப்படியானால் கணக்கு சரி. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆவுடை. அவன் எந்தக் கோடு?

"எப்போது பந்தயம்?" என்றார் உலகம்மை.

"நாளைக்குக் காலையில்."

"மகனிடம் சொல்லியாயிற்றா?"

"கணக்கு நல்ல கணக்கு, போய் வா என்று சொல்லிவிட்டேன்."

"கேட்டது அவன் மட்டும்தானா?"

துறையில் படகுக்குக் காத்திருந்தவர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்ததாகப் பூவலிங்கம் சொன்னார். சிலர் விளக்கம் கேட்டார்களாம். அவரும் பொறுமையாகச் சொன்னாராம். அவர் குரலில் அப்போதும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. கணக்கை விட்டு இத்தனை நாள் ஆன பிறகும் ஒரு கூட்டம் வாயைப் பிளந்து கேட்டால் யாருக்குத்தான் இருக்காது.

"கோடுகளை அழித்துவிட்டு வந்தீரா?"

"மணல்தானே அம்மா. காற்று அழித்துவிடும்."

உலகம்மை எழுந்தார். "விடிந்ததும் முதல் படகில் போவோம்" என்றார். குரு தோப்பை விட்டு வெளியே வருவது எப்போதாவதுதான். பூவலிங்கம் அதற்கு ஆறுதல் அடைவதா அஞ்சுவதா என்று தெரியாமல் நின்றார்.

முதல் படகில் இறங்கி இருவரும் நேரே பந்தயத் திடலுக்குப் போனார்கள். தாண்டவரின் பெரிய உப்புக் கொட்டகைதான் திடல். நாலு பக்கமும் சுவர். தெருவைப் பார்த்த முன்வாசலில் மாவிலைத் தோரணமும் மேளக்காரர்களும். பின்வாசலுக்கு அப்பால் வறண்ட வாய்க்கால்தான்.

பூவலிங்கம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஆவுடை அப்போதுதான் மாட்டைக் கட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். மாட்டின் கொம்புக்கு மஞ்சள் பூசியிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தான்.

வேண்டாம், அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார் பூவலிங்கம். மகனுக்கு விளங்கவில்லை. கணக்குத் தப்பா என்று கேட்டான். தப்பில்லை என்றார். பிறகென்ன என்றான். அதற்குள் திடல் காவலாள் குறுக்கே வந்து, கட்டினது கட்டினதுதான், பேர் கூப்பிட்ட பிறகு அவிழ்க்க முடியாது என்று சொல்லிவிட்டான்.

அந்தக் காவலாளுக்கு அன்று நல்ல சந்தோஷம். தானாகவே பேச்சுக் கொடுத்தான்.

"நேத்து மத்தியானம் வரைக்கும் இருபது பேருகூடச் சேரல, சாமி. பந்தயமே நடக்காதுன்னு முதலாளி மூஞ்சியத் தொங்கப் போட்டிருந்தாரு. சாயங்காலம் பாருங்க, துறைப்பக்கமிருந்து மாட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடியாறாங்க. யாரோ கணக்கர் ஒருத்தர் போட்டுப் பார்த்துச் சொன்னாராம். மகராசன்."

பூவலிங்கம் மகனோடு உள்ளே போகப் பார்த்தார். உலகம்மை அவரைத் தடுத்தார்.

"உள்ளே போய் என்ன செய்வீர்? சோழி உம் பேச்சைக் கேட்குமா?"

"இங்கே நின்று என்ன செய்ய, அம்மா?"

"வெயில் ஏறப் போகிறது. பின்வாசலில் தோற்று வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடும்."

பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு பானையும் சிரட்டையும் வாங்கிவந்தார்கள். கிணற்றிலிருந்து உலகம்மை இறைத்துக்கொடுத்தார். பூவலிங்கம் பானையோடு பின்வாசலில் நின்றார். உள்ளே சோழி உருளும் சத்தமும், ஒவ்வொரு உருட்டலுக்கும் பிறகு ஓர் இரைச்சலும் கேட்டன. சுவர் உயரம். ஒன்றும் தெரியவில்லை.

முதல் ஆள் வெளியே வந்தார்.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடு கை மாறலாம், கயிறு கை மாறாது. கயிற்றைக் கொடுத்தால் தொழுவத்தின் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டிக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போவார். அதனால் வெளியே வந்தவரின் தோளில் இரண்டு வெறுங்கயிறுகள் தொங்கின.

அவர் ஆவுடை இல்லை. பூவலிங்கம் நிம்மதியாக மூச்சுவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

அடுத்து ஒருவர் வந்தார். ஆவுடை இல்லை. அடுத்து வந்தவரும் இல்லை. நிழல் விழும்போதெல்லாம் பூவலிங்கத்துக்கு நெஞ்சு நின்றது. முகம் தெரிந்ததும் மறுபடி அடித்துக்கொண்டது. வாசலில் வந்த ஒவ்வொரு முகமும் தன் மகன் முகமாக இல்லாததில் அவருக்கு மகிழ்ச்சி பொங்கியது. எதிரே ஒருவர் மாட்டை இழந்து நின்று தண்ணீர் குடிக்கிறார், தனக்குச் சிரிப்பு வருகிறது என்று ஒரு கட்டத்தில் அவரே கவனித்தார். கூசிப்போனார். ஆனாலும் அடுத்த முகம் ஆவுடையுடையதாக இல்லாதபோது மறுபடியும் அதே மகிழ்ச்சி வந்தது.

முதல் சுற்று முடிந்தது. ஆவுடை வரவில்லை. இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தது.

ஒரு பெண் வந்தாள். அவள் தோளிலும் கயிறுகள். தண்ணீரைக் குடித்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"துறையில கணக்குப் போட்டது நீங்கதானே, ஐயா?"

பூவலிங்கம் சிரட்டையைக் கீழே வைத்தார். நாலு வார்த்தை ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசினால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"நான் மாடத்தி. கீழூரு. அவுக போனப்புறம் அவுக மாட்டை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். நீங்க சொன்னதை நானும் நின்னு கேட்டேன். உங்க கணக்கு நல்ல கணக்குதான் ஐயா. எனக்குத்தான் குடுத்து வைக்கல."

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு வந்தவர்களிலும் பலர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. தன் நேரம் சரியில்லை என்றார் ஒருவர். காலையில் பூனை குறுக்கே போனது, அப்போதே திரும்பியிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் அடுத்த வருஷமும் பந்தயம் வைப்பார்களா என்று கேட்டார். எதை வைத்து ஆடுவீர்கள் என்று பூவலிங்கம் கேட்டுவிட்டார். வீட்டில் கறவைப் பசு ஒன்று இருக்கிறது, அதைக் கட்ட விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார் அவர்.

மூன்றாம் சுற்றும் முடிந்தது. உலகம்மை இறைத்துக்கொண்டே இருந்தார். பூவலிங்கம் ஊற்றிக்கொண்டே இருந்தார். இப்போது அவருக்கு எந்த முகம் வந்தாலும் மகிழ்ச்சி வரவில்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியாக நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆவுடை அவர்களில் இல்லை. பின்வாசல் கதவைச் சாத்தினார்கள்.

முன்வாசலில் மேளம் முழங்கியது.

நாலு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது. தெருவெல்லாம் சனம். ஜெயித்தவர்களைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஆவுடை கழுத்தில் மாலை. அவன் மாடுகளுக்கும் மாலை. கையில் பட்டயம். அப்பாவைத் தேடி அலைந்து, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து சேர்ந்தான். அழுதுகொண்டே அவர் காலில் விழுந்தான்.

"அப்பா, உங்க கணக்கு பலிச்சிட்டுது" என்றான்.

பூவலிங்கம் மகனை எடுத்து நிறுத்தினார். தோளைத் தடவிக்கொடுத்தார். வடிவு காத்திருப்பாள், வீட்டுக்குப் போ என்றார். மகன் பிழைத்துவிட்டான் என்பதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ளத்தான் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆவுடை போன பிறகு பானையைக் கவிழ்த்து வைத்தார்.

"அம்மா, என் கணக்கில் எங்கே பிழை?"

"பிழை இல்லை" என்றார் உலகம்மை. "முன்வாசலில் நாலு பேர் போனார்கள். பின்வாசலில் அறுபது பேர் போனார்கள். நீர் சொன்னதில் ஒரு ஆள் கூடவில்லை, ஒரு ஆள் குறையவில்லை."

இருவரும் துறைக்கு நடந்தார்கள்.

துறையில் பூவலிங்கம் கிழித்த கோடுகள் அழியாமல் அப்படியே இருந்தன. காற்று அழிக்காமலும் ஆடு மிதிக்காமலும் இருக்க யாரோ சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார்கள். வட்டம் போட்ட கோட்டின் மேல் ஒரு செவ்வரளிப் பூவும் இருந்தது.

பூவலிங்கம் மணலில் மண்டியிட்டார். பூவை எடுத்து ஓரமாக வைத்தார். கையை விரித்து அழிக்கப் போனார்.

"பிழை இல்லாததை ஏன் அழிக்கிறீர்?" என்றார் உலகம்மை.

"பிறகு என்ன செய்ய, அம்மா?"

"வட்டத்துக்குள் நிற்பவன் பெயர் உமக்குத் தெரியும். மற்றவர்களின் பெயரையும் கோடுகளின் பக்கத்தில் எழுதும். எழுதி முடித்ததும் படகேறலாம்."

பூவலிங்கம் விரலை மணலில் ஊன்றினார். முதல் கோட்டின் பக்கத்தில் மாடத்தி என்று எழுதினார்.

விரல் அடுத்த கோட்டுக்குப் போனது. அடுத்த பெயர் தெரியாமல் அங்கே நின்றது. அத்தனை பேருக்கும் தன் கையால் தண்ணீர் ஊற்றியிருந்தார். அத்தனை முகங்களையும் உற்றுப் பார்த்திருந்தார், மகன் முகம் இல்லை என்று தெரிகிற வரைக்கும்.

படகுக்காரர் கூப்பிட்டார். பூவலிங்கம் எழுந்திருக்கவில்லை.